பயிற்சியாளரை எடை போடுவது எப்படி?

2015 டிசம்பர் 20. கோவாவின் ஃபடோர்டா மைதானத்தில் இந்தியன் சூப்பர் லீக் இறுதியாட்டம். 87ஆம் நிமிடத்தில் கோவா அணி 2–1 என்று முந்திவிட்டது. சென்னையின் எஃப்.சி.க்கு மிச்சமிருந்தது மூன்று நிமிடமும், நடுவர் கூட்டித் தரும் கொஞ்ச நேரமும்தான். 90ஆம் நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் மேல் பட்ட பந்து அவருடைய வலைக்குள்ளேயே போய் விழுந்தது. அடுத்த இரண்டு நிமிடத்துக்குள் கொலம்பிய வீரர் ஸ்டீவன் மெண்டோசா இன்னொரு கோல் அடித்தார். 3–2. கோப்பை சென்னைக்கு வந்தது.

அன்றிலிருந்து சென்னை அணியின் பயிற்சியாளர் மார்கோ மட்டெராஸி கோப்பை வென்ற பயிற்சியாளர் ஆனார். ஆட்டம் 87ஆம் நிமிடத்தோடு முடிந்திருந்தால்? அதே மனிதர், அதே பயிற்சி, அதே பதினோரு பேர். ஆனால் பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும். கைக்கு எட்டியதை நழுவவிட்டவர் என்றிருப்பார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் மட்டெராஸியின் திறமை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

செங்கத்தில் டீக்கடையானாலும் சரி, மாலையில் பையன்கள் பந்து உதைக்கிற பள்ளி மைதானமானாலும் சரி, சிறந்த பயிற்சியாளர் யார் என்று பேச்சு எழுந்தால் சீக்கிரம் அடங்காது. ஒருவர் கார்டியோலா என்பார். இன்னொருவர் ஆஞ்சலோட்டி என்பார். கொஞ்சம் வயதானவர் ஃபெர்குசனை விட்டுக்கொடுக்க மாட்டார். எல்லாரும் கடைசியில் கோப்பைகளை எண்ண ஆரம்பிப்பார்கள். அந்த எண்ணிக்கை இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது என்பது என் உறுதியான எண்ணம். அதற்குக் கணக்கும் இருக்கிறது, காரணமும் இருக்கிறது.

ஒரு கூட்டத்தின் வெற்றியை ஒரே பெயரில் எழுதுவது மனிதரின் பழைய பழக்கம். செங்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பல்லவர் காலத்து நடுகற்கள் நிறைய உண்டு. 1972இல் தமிழ்நாடு தொல்லியல் துறை 'செங்கம் நடுகற்கள்' என்று தனி நூலே வெளியிட்டது. அந்தக் கற்களில் அரசனின் ஆட்சியாண்டு இருக்கும், தலைவன் பெயர் இருக்கும், ஆநிரைக்காக மாண்ட வீரன் பெயர் இருக்கும். அன்று அவனோடு நின்ற மற்றவர்களின் பெயர் பெரும்பாலும் இருக்காது. எடுத்தனூர்க் கல் இதற்கு விலக்கு. மகேந்திரவர்மன் காலத்து அந்தக் கல்லில் வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்றது என்று எழுதி, நாய்க்கும் அதன் பங்கைக் கொடுத்திருக்கிறார்கள். புகழை இப்படிப் பிரித்து எழுதும் நேர்மையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

நம் காலத்து விளையாட்டுப் பக்கங்களில் அந்த நேர்மையைக் காண்பது அரிது. ஓர் அமைப்பு நன்றாக நடந்தாலும் மோசமாக நடந்தாலும் காரணம் தலைவரே என்று நினைக்கும் மனப்போக்கை ஜேம்ஸ் மைண்டல் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1985இல் விரிவாக ஆராய்ந்தார்கள். முடிவு எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவு பெரிய பங்கைத் தலைவர் தலையில் ஏற்றுகிறோம் என்று கண்டார்கள். கால்பந்துப் பயிற்சியாளர் விஷயத்தில் இது அப்படியே பொருந்தும்.

இனி கணக்குக்கு வருவோம். கால்பந்தில் கோல் மிக அரிய பொருள். பெரிய லீக்குகளில் ஓர் ஆட்டத்துக்கு இரண்டு அணியும் சேர்ந்து இரண்டரை, மூன்று கோல்தான் சராசரி. கூடைப்பந்தில் நூறு முறை கூடைக்குள் பந்து போடுகிறார்கள் என்றால் நான்கைந்து தற்செயல்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், திறமை மேலே வந்துவிடும். கால்பந்தில் அந்த வாய்ப்பு இல்லை. கம்பத்தில் பட்டு உள்ளே போன ஒரு பந்து, கம்பத்தில் பட்டு வெளியே போன ஒரு பந்து, அதோடு ஆட்டம் முடிந்துவிடும்.

இப்படி அரிதாக நடப்பவற்றைக் கணக்கிட பிரெஞ்சுக் கணிதர் புவாசோன் 1837லேயே ஒரு சூத்திரம் தந்தார். 1898இல் போர்ட்கீவிச் என்பவர் பிரஷ்ய ராணுவத்தில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் எண்ணிக்கைக்கு அதைப் பொருத்திக் காட்டியதும் அது புகழ் பெற்றது. எந்தப் படைப்பிரிவில் எந்த ஆண்டு எத்தனை பேர் சாவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் மொத்தத்தில் அந்த எண்ணிக்கைகள் எப்படிப் பரவியிருக்கும் என்று சூத்திரம் சொல்லிவிடும். கால்பந்தில் கோல்களும் ஏறக்குறைய இதே ஒழுங்கில்தான் விழுகின்றன.

அந்தச் சூத்திரத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் அணி சராசரியாக ஆட்டத்துக்கு ஒன்றரை கோல் அடிக்கும் வலிமை உள்ளது. எதிரணி சராசரியாக ஒரு கோல்தான் அடிக்கும். ஒன்றரைக்கு ஒன்று என்றால் நல்ல வித்தியாசம். இரண்டும் நூறு முறை மோதினால் வலுவான அணி 49 முறை ஜெயிக்கும், 26 முறை டிரா ஆகும், மீதி 25 முறை வலுக்குறைந்த அணியே ஜெயித்துவிடும்! மேலான அணிகூடப் பாதிக்கும் குறைவாகத்தான் ஜெயிக்கிறது. நான்கில் ஒரு முறை தோற்றுப் போகிறது. அந்த ஒரு நாள் பயிற்சியாளரை நிற்கவைத்து ஏன் தோற்றாய் என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதால் ஏதோ சொல்கிறார். நாமும் அதைக் காரணம் என்று எழுதிக்கொள்கிறோம்.

இதைச் சமாளிக்கத்தான் இப்போது 'எக்ஸ்பெக்டட் கோல்ஸ்' என்ற அளவை வந்திருக்கிறது. ஒவ்வொரு ஷாட்டும் எந்த இடத்திலிருந்து, எந்தக் கோணத்தில், காலாலா தலையாலா என்று பார்த்து, அதுபோன்ற ஆயிரக்கணக்கான பழைய ஷாட்டுகளில் எத்தனை கோலானது என்று கணக்கெடுக்கிறார்கள். பெனால்டி என்றால் ஏறக்குறைய நான்கில் மூன்று உள்ளே போகும். பெட்டிக்கு வெளியே தூரத்திலிருந்து அடித்தால் நூற்றில் சிலவே போகும். இவற்றைக் கூட்டினால் அணி உருவாக்கிய வாய்ப்பின் மதிப்பு கிடைக்கும். கோல் விழுந்ததா என்பதைவிட, கோல் விழத்தக்க இடத்துக்கு அணி எத்தனை முறை போனது என்பதில் பயிற்சியாளரின் கை அதிகம் தெரியும்.

ஓர் ஆட்டம் போகட்டும், ஒரு சீசன் முழுக்கப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடாதா? வெற்றிக்கு மூன்று புள்ளி, டிராவுக்கு ஒன்று. நடுத்தரமான ஓர் அணி 18 ஆட்டம் ஆடினால் சுமார் 25 புள்ளி எடுக்க வேண்டும். ஆனால் தற்செயல் மட்டுமே அந்த எண்ணை ஐந்தரைப் புள்ளி மேலும் கீழும் ஆட்டும். அதாவது அணியில் எதுவுமே மாறாமல், மூன்று சீசனில் இரண்டில் 19க்கும் 30க்கும் நடுவே எங்கேயாவது நிற்கும், மூன்றாவது சீசனில் அதையும் தாண்டிப் போகும். 2019–20 ஐ.எஸ்.எல். பட்டியலில் 29 புள்ளியோடு நான்காவதாக வந்த சென்னை அரையிறுதிக்குப் போனது, 26 புள்ளி எடுத்த மும்பை வீட்டுக்குப் போனது. அதற்கு முந்தைய ஆண்டு ஐ-லீக்கில் கோயம்புத்தூர் மைதானத்தைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி. 43 புள்ளியோடு பட்டம் வென்றது, ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளியில் நின்றது. கடைசி நாளில் சென்னை சிட்டி முதலில் ஒரு கோல் வாங்கி, பின்பு மூன்று கோல் அடித்து மீண்டது. பயிற்சியாளர் அக்பர் நவாஸின் வேலையை நான் மிகவும் மதிக்கிறேன். அந்த மதிப்பு அந்த ஒரு புள்ளியால் வந்தது அல்ல.

இந்தக் கணக்கைச் சென்னையின் எஃப்.சி.யின் மூன்று சீசன்கள்மேல் வைத்துப் பார்த்தால் ஒரு துப்பறியும் கதைபோல விரியும். 2017–18இல் ஜான் கிரகரி பயிற்சியாளர். லீக்கில் 32 புள்ளியோடு இரண்டாம் இடம், பிறகு பெங்களூருவிலேயே பெங்களூரு அணியை 3–2 என்று வென்று கோப்பை. அடுத்த சீசனிலும் அதே கிரகரி. 18 ஆட்டத்தில் 9 புள்ளி, பத்து அணிகளில் பத்தாவது இடம். 32 எங்கே, 9 எங்கே! இதைத் தற்செயல் என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. ஐந்தரைப் புள்ளி ஆட்டம் இயல்பு என்றால் இது நடுத்தர அணியின் 25 புள்ளியிலிருந்து அதைப்போல மூன்று மடங்கு கீழே போன வீழ்ச்சி. முதல் ஆண்டின் தடுப்பாட்டத்துக்குத் தூணாக இருந்த போர்ச்சுகல் வீரர் ஹென்ரிக் செரேனோ இரண்டாம் ஆண்டில் இல்லை. அணி உண்மையிலேயே கெட்டுத்தான் போயிருந்தது. ஆனால் கிரகரி ஒரே ஆண்டில் கால்பந்தை மறந்துவிட்டார் என்று யார் நம்புவார்கள்? அந்தக் கடைசி இடத்துக்குச் சில வாரங்கள் கழித்து, 2019 ஏப்ரலில் அதே அணியைச் சூப்பர் கோப்பையின் இறுதியாட்டம்வரை கொண்டுபோனவரும் அவரேதான்.

மூன்றாவது சீசன் தொடங்கியது. முதல் நான்கு ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. ஆறு ஆட்டத்தில் 5 புள்ளி. கிரகரி விலகினார். 2019 டிசம்பரில் ஸ்காட்லாந்துக்காரர் ஓவன் காய்ல் வந்தார். மிச்சமிருந்த 12 ஆட்டத்தில் 24 புள்ளி. அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 6–5 என்று தாண்டி, 2020 மார்ச் 14 அன்று பார்வையாளர் இல்லாத மைதானத்தில் நடந்த இறுதியாட்டத்தில் ஏ.டி.கே.யிடம் 3–1 என்று தோற்றார்கள். காய்ல் வந்தார், எல்லாம் மாறியது என்பதே அன்றைய பேச்சு.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 1886இல் ஃபிரான்சிஸ் கால்டன், மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் பெற்றோர் அளவுக்கு உயரமாக இருப்பதில்லை, சராசரியை நோக்கித் திரும்புகிறார்கள் என்று காட்டினார். மிகக் குட்டையானவர்களின் பிள்ளைகளும் அப்படியே. தற்செயலும் திறமையும் கலந்த எல்லாவற்றிலும் இது நடக்கும். மிக மோசமான ஒரு காலகட்டத்துக்குப் பின் அடுத்தது கொஞ்சம் நன்றாகத்தான் இருக்கும், யாரும் எதுவும் செய்யாவிட்டாலும். பயிற்சியாளரை நீக்குவது எப்போது? அணி அடிமட்டத்தில் கிடக்கும்போது. ஆகவே புதியவர் வந்தவுடன் ஏறுமுகம் தெரிவது இயல்பு. காய்ச்சல் உச்சத்தில் இருக்கும் நாளில் மந்திரித்த கயிறு கட்டினால் மறுநாள் கயிற்றுக்கே பெயர் வருவதுபோல.

இதைச் சரியாகச் சோதித்தவர் நெதர்லாந்துப் பொருளியலாளர் பாஸ் டெர் வீல். 1986 முதல் 2004 வரை டச்சு முதல்நிலை லீக்கில் பயிற்சியாளர் நீக்கப்பட்ட அணிகளை எடுத்துக்கொண்டார். அதோடு நிற்காமல், அதே அளவு சரிந்தும் பயிற்சியாளரை நீக்காமல் வைத்துக்கொண்ட அணிகளையும் தேடிப் பிடித்தார். இதுதான் ஆய்வின் உயிர்நாடி. நீக்கிய அணிகள் மீண்டன. நீக்காத அணிகளும் அதே வேகத்தில் மீண்டன.

அப்படியானால் காய்லின் 24 புள்ளி? நடுத்தர அணி 12 ஆட்டத்தில் எடுக்க வேண்டியது சுமார் 16, 17 புள்ளி. தற்செயல் மட்டுமே ஓர் அணியை 24க்குத் தூக்க ஏறக்குறைய இருபதில் ஒரு வாய்ப்பு. எனவே காய்ல் ஏதோ செய்தார் என்று நம்ப இடமிருக்கிறது, ஆனால் அது சாட்சி, தீர்ப்பு அல்ல. அதன்பின் அவர் ஜாம்ஷெட்பூருக்குப் போய் 2021–22இல் லீக் ஷீல்டு வென்றது இன்னொரு சாட்சி. மறுபடி சென்னைக்கு வந்து 2024–25இல் பிளே-ஆஃபுக்குள்கூட அணியைக் கொண்டுபோக முடியாமல் போனது எதிர்த்தரப்புச் சாட்சி. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் மனிதர் தெரிவார்.

பணத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. ஸ்டெஃபான் ஷிமான்ஸ்கி என்ற பொருளியலாளர் இங்கிலாந்து கிளப்புகளின் கணக்குப் புத்தகங்களைப் பல ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பார்த்தார். வீரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்தை வரிசைப்படுத்தினால் லீக் வரிசையும் பெருமளவு அப்படியே வந்துவிடுகிறது. அதிகச் சம்பளம் நல்ல வீரரைக் கொண்டுவருகிறது, நல்ல வீரர் ஜெயிக்கிறார். பணக்காரக் கிளப்பின் பயிற்சியாளர் கோப்பை மேல் கோப்பை வாங்குவதில் அவருடைய பங்கு எவ்வளவு, காசாளரின் பங்கு எவ்வளவு? ஆகவே கேட்க வேண்டிய கேள்வி எத்தனை கோப்பை என்பதல்ல. கையில் இருந்த சரக்குக்கு இந்த அணி எந்த இடத்தில் நிற்க வேண்டும், எந்த இடத்தில் நின்றது என்பதே கேள்வி. இங்கிலாந்தில் பிரையன் கிளஃப் என்பவரை இன்றும் பேசுவது இதனால்தான். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் என்ற நடுத்தரக் கிளப்பை 1979, 1980 இரண்டு ஆண்டும் ஐரோப்பியக் கோப்பை வெல்ல வைத்தார். அதே கிளஃப் லீட்ஸ் அணியில் தாக்குப்பிடித்தது 44 நாள்.

பயிற்சியாளரின் பங்கைத் தனியே பிரிக்க ஒரு வழி, அவர் கிளப் மாறும்போது பின்தொடர்வது. ஒரே கிளப்பில் பல பயிற்சியாளர், ஒரே பயிற்சியாளர் பல கிளப்பில் என்று வலைபோலப் பின்னினால் கிளப்பின் வலிமை எது, ஆளின் வலிமை எது என்று அவிழ்க்கலாம். ஜெர்மன் புண்டஸ்லிகாவை வைத்து இப்படிச் செய்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. வரிசையில் மேலிருந்து ஐந்தில் ஒரு பங்கு தூரத்தில் நிற்கும் பயிற்சியாளருக்கும், கீழிருந்து அதே தூரத்தில் நிற்பவருக்கும் உள்ள வித்தியாசம் ஆட்டத்துக்குச் சுமார் 0.3 புள்ளி.

இந்த எண்ணை நம் ஐ.எஸ்.எல்.லுக்குக் கடன் வாங்கிப் பார்த்தபோது நான் அசந்துபோனேன். 18 ஆட்டத்துக்கு 0.3 வீதம் 5.4 புள்ளி. ஒரு சீசனில் தற்செயல் ஆட்டிவைப்பது எவ்வளவு என்று பார்த்தோம்? ஐந்தரை! நல்ல பயிற்சியாளருக்கும் சுமாரான பயிற்சியாளருக்கும் உள்ள தூரமும், ஒரே சீசனில் தற்செயல் அணியைத் தள்ளிவிடும் தூரமும் ஒன்றுக்கொன்று சமம். அதனால் ஒரு சீசனை மட்டும் பார்த்து யாரையும் நல்லவர் என்றோ மோசம் என்றோ சொல்ல வழியே இல்லை. நான்கு சீசன் கொடுங்கள். பயிற்சியாளரின் பங்கு நான்கு மடங்காகி 21 புள்ளியைத் தாண்டும். தற்செயலோ இரண்டு மடங்குதான் ஆகும், 11 புள்ளி. ஏனென்றால் தற்செயல்கள் ஒன்றை ஒன்று பாதி அழித்துக்கொள்ளும், திறமை அழிவதில்லை, சேர்ந்துகொண்டே போகும். காலம் நீள நீளத்தான் மனிதரின் முகம் தெரியும். ஃபெர்குசன் 1986இல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தார், முதல் கோப்பை 1990இல்தான். நம் கிளப்புகள் நான்கு சீசன் தருவதே அபூர்வம்.

அப்படி நீண்ட காலம் கிடைத்த ஒருவர் இந்தியாவில் இருந்தார். ஹைதராபாத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் சையத் அப்துல் ரஹீம். 1950 முதல் 1963இல் இறக்கும்வரை ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணிக்கும், இந்திய அணிக்கும் பயிற்சியாளர். 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டு ரோவர்ஸ் கோப்பையை அந்த போலீஸ் அணி வென்றது.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 1–10 என்று தோற்றது. நம் வீரர்களில் பெரும்பாலோர் குளிரில் வெறுங்காலோடு ஆடினார்கள். அன்றும் பயிற்சியாளர் ரஹீம்தான். இன்றைய வழக்கப்படி விமானநிலையத்திலேயே அவரை அனுப்பியிருப்பார்கள். அனுப்பவில்லை. நான்கு ஆண்டு கழித்து மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை 4–2 என்று வென்று இந்தியா ஒலிம்பிக் அரையிறுதிக்குப் போனது. நெவில் டிசூசா மூன்று கோல். அரையிறுதியில் மறுபடி அதே யூகோஸ்லாவியா. முதல் கோலை அடித்தது இந்தியா. கடைசியில் 1–4 என்று தோற்றாலும், பத்துக்கு ஒன்று என்ற தூரம் நான்காண்டில் எவ்வளவு சுருங்கிவிட்டது பாருங்கள். நேர்மைக்காக இதையும் சொல்ல வேண்டும்: ஹங்கேரி விலகியதால் முதல் சுற்றை இந்தியா ஆடாமலே கடந்தது. போட்டி முடிவில் இந்தியா பெற்ற நான்காம் இடத்துக்கு அந்த ஒரு வெற்றிதான் ஆதாரம். ரஹீமின் பெருமை அந்த நான்காம் இடத்தில் இல்லை என்பதால் இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

அவருடைய பெருமை அவர் நடத்திய விசித்திரமான போட்டிகளில் இருக்கிறது. ஹைதராபாத்தில் டிரிப்ளிங்குக்கு இடமே இல்லாத போட்டி ஒன்று நடத்தினார். பந்து வந்தவுடன் ஒன் டச்சில் பாஸ் கொடுத்தாக வேண்டும். பழக்கமில்லாத காலால் மட்டுமே உதைக்க வேண்டிய போட்டி இன்னொன்று. பார்க்கிறவர்களுக்கு வேடிக்கை. அதற்குள் என்ன அறிவியல் இருந்தது என்பது இன்று புரிகிறது. கண்ணில் பட்டதற்கு உடல் அசைய மனிதருக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு விநாடி தேவை. எந்தப் பக்கம் என்று தேர்ந்தெடுக்கவும் வேண்டியிருந்தால் இன்னும் கூடுதல் நேரம் பிடிக்கும். நல்ல பாஸ் ஒன்று ஒரு விநாடியில் பத்துப் பதினைந்து மீட்டர் ஓடிவிடும். எதிராளி அதற்குள் மேலே பாய்ந்துவிடுவார். பந்து காலுக்கு வந்த பிறகு நிமிர்ந்து பார்க்கிறவர் தாமதித்துவிட்டார் என்று அர்த்தம். நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் இங்கிலாந்து நடுக்கள வீரர்களைக் கேமராவில் நெருக்கமாகப் பதிவுசெய்து, பந்து வருவதற்கு முந்தைய விநாடிகளில் அவர்கள் எத்தனை முறை தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார்க்கிறார்கள் என்று எண்ணினார். அதிகம் பார்த்தவர்களின் முன்னோக்கிய பாஸ்களே அதிகம் சரியாகப் போய்ச் சேர்ந்தன.

ஒன் டச் விதியை வைத்துவிட்டால், 'முன்கூட்டியே பார்' என்று யாரும் கத்த வேண்டியதில்லை. பார்க்காதவனால் ஆடவே முடியாது. விதி கண்ணைப் பழக்கிவிடுகிறது. சொல்லிக் கொடுப்பதைவிட, கற்றே ஆகவேண்டிய சூழலை அமைப்பது சிறந்தது என்று இன்றைய விளையாட்டு அறிவியல் பேசுவதை அந்தப் பள்ளி ஆசிரியர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே மைதானத்தில் செய்தார்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0–2 தோல்வி. தாய்லாந்து ஆட்டத்தில் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். ரஹீம் அவரை அரையிறுதியில் தடுப்பில் நிறுத்தாமல் சென்டர் ஃபார்வர்டாக இறக்கினார். இறுதியாட்டத்தில் மறுபடி அதே தென்கொரியா. காய்ச்சலில் கிடந்து எழுந்த உயரமான கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜைக் கம்பங்களுக்கு நடுவே நிறுத்தினார். பி.கே. பானர்ஜி 17ஆம் நிமிடத்தில் ஒரு கோல், ஜர்னைல் சிங் 20ஆம் நிமிடத்தில் ஒரு கோல். 2–1. தங்கம். ஆனால் என் கணக்கே எனக்கு எதிராகப் பேசுகிறது: ஒரே ஆட்டம், தற்செயலும் இருந்திருக்கலாம். இருந்திருக்கும். ரஹீமின் மதிப்பு அந்த மாலைப்பொழுதில் மட்டும் தொங்கவில்லை. பதின்மூன்று ஆண்டுகள், போலீஸ் அணி, ஹைதராபாத் மாநில அணி, இந்திய அணி என்று மூன்று இடத்திலும் ஒரே திசையில் சாட்சி நிற்கிறது. ஜகார்த்தாவுக்குப் பின் ஓராண்டுகூட அவர் இல்லை. 1963 ஜூன் 11 அன்று புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது.

இன்னொரு சாட்சியும் உண்டு, அது எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிது. செகந்திராபாத் பக்கம் அம்முகுடாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராம் பயிற்சிக்கு வந்துபோக வசதியில்லாத பையன். வாடகை சைக்கிளுக்கு ஏற்பாடு செய்து அவரை வரவழைத்தவர் ரஹீம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராக அந்தப் பலராம் கோல் அடித்தார். அதே ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக நம் சைமன் சுந்தரராஜ் அடித்ததே இன்றுவரை ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் கடைசி கோல். பயிற்சியாளரின் வேலை பட்டியலில் மட்டும் தெரிவதில்லை, வீரர்களின் பிற்கால வாழ்க்கையிலும் தெரிகிறது. கடலூரில் இந்திரா காந்தி அகாடமியில் மாரியப்பன் பயிற்றுவித்த பெண்களையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். 2018இல் மணிப்பூரை வென்று தமிழ்நாடு முதல்முறையாகத் தேசிய சீனியர் மகளிர் பட்டத்தைப் பெற்றது. அடுத்த ஆண்டு அம்ருதா அரவிந்த் பயிற்சியில் சேது எஃப்.சி. இந்தியன் மகளிர் லீக்கை வென்றது. இரண்டுக்கும் பின்னால் பல ஆண்டுகள், பல மைதானங்கள், பெயர் வெளியே வராத பலர் இருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால் இந்திய மண்ணின் மிகச்சிறந்த கால்பந்துப் பயிற்சியாளர் ரஹீம். கோப்பைகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அதே பதில்தான்.

செங்கத்திலும் ஜவ்வாது மலை ஊர்களிலும் பிள்ளைகளைப் பந்தாட அனுப்பும் பெற்றோருக்கும், பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளிப் போட்டிகள் பெரும்பாலும் நாக்-அவுட் முறை. முன்பு பார்த்த கணக்கின்படி, டிராவானால் இருவருக்கும் சமவாய்ப்பு என்று வைத்தாலும், எதிரிகள் எல்லாரையும்விட ஒன்றரை மடங்கு வலுவான அணிகூட நான்கு சுற்றையும் தாண்டிக் கோப்பை வாங்குவது ஏழில் ஒரு முறைதான். குறுவட்டப் போட்டியில் தோற்றுத் திரும்பும் உடற்கல்வி ஆசிரியரிடம் ஏன் தோற்றீர்கள் என்று கேட்காதீர்கள். போன வருடம் ஆடிய பையன்களில் எத்தனை பேர் இந்த வருடமும் ஆடுகிறார்கள், பந்து வருவதற்கு முன் எத்தனை பெண்கள் நிமிர்ந்து பார்க்கக் கற்றிருக்கிறார்கள், போன ஆண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் இந்த ஆண்டு களத்தில் நிற்கிறாரா என்று கேளுங்கள். அவருக்கு நல்ல பந்துகள் வாங்கிக் கொடுங்கள். நான்கு ஆண்டு கொடுங்கள்.